எந்த மாடி என்று கேட்காமல்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எப்படிங்க பிழைச்சீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி வசந்தா சொல்லிவிடுவாள். "எல்லாம் முருகன்தாங்க. மூச்சு நின்னுபோற நேரத்துலயும் இவர் விரல் அவன் பேரைத்தான் தொட்டுது. பத்து தடவைக்கு மேல. நாங்க எல்லாரும் பக்கத்துலயே நின்னு கேட்டோம்." வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிடும்.

அவள் சொல்வதில் ஒரு எழுத்து பொய் இல்லை. பத்து தடவைக்கு மேல்தான். ஆனால் நடந்தது அது இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கம் கிடையாது. விரல்கள் இன்னும் சரியாக மடங்காததால் ஒரு நாளைக்கு அரைப்பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. இருந்தாலும் நோயாளி பக்கத்தில் உட்காருகிறவர்கள் யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் லிப்ட் ஓட்டினேன். பட்டன் இருக்கிறதே, அவரவர் அழுத்திக்கொண்டு போகலாமே, இதற்கு ஒரு ஆளா என்று கேட்பார்கள். பண்டிகை நாளில் வந்து பார்த்தால் தெரியும். இரண்டு கையிலும் பை, இடுப்பில் குழந்தை, பின்னால் மாமியார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி "எந்த மாடி?" என்று கேட்பேன். பட்டு மூன்றாவது மாடி. பத்துப் பேர் ஏறினால் எட்டுப் பேர் மூன்றுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஒரு குடும்பம் ஏறியது, பெரியவர்கள் சின்னவர்கள் என்று ஏழெட்டுப் பேர். கல்யாண வீடு என்று நானே முடிவு பண்ணி, கேட்காமல் மூன்றை அழுத்தினேன். கதவு திறந்தது. முகூர்த்தப் பட்டு, சிரிப்பு, பன்னீர் வாசனை. அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு அம்மாள் வாயில் முந்தானையை வைத்து அழுதாள். கூட வந்தவர் மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி வீட்டுக்காரர் தவறிட்டார்ப்பா. கோடி எடுக்க வந்தோம்." அதெல்லாம் ஐந்தாவது மாடி. அன்றிலிருந்து யார் ஏறினாலும், முகத்தைப் பார்த்தே தெரிந்தாலும், கேட்காமல் நான் பட்டனைத் தொட்டது கிடையாது.

நோய் காலிலிருந்து ஆரம்பித்தது. ஒரு வாரம் வயிற்றுப்போக்கு இருந்து, அது நின்ற பிறகு இரண்டு பாதமும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் மாடவீதியில் நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியவில்லை. பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் லிப்ட் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் கை தூக்க வரவில்லை. வசந்தாவும் அவள் தம்பி சேகரும் ஆட்டோவில் படுக்கப்போட்டு அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கை காலில் ஒயரை ஒட்டி சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே. டாக்டர் பொறுமையானவர். "உடம்புக்குள்ள கிருமியோட சண்டை போட வேண்டிய படை, ஆள் தெரியாம உங்க நரம்பையே அடிக்குது. நரம்பு மேல ஒரு உறை இருக்கு, அது அரிச்சுப்போகுது" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒயரின் மேல் ரப்பர் போய்விட்டால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் லிப்ட் வராது. மூளை அழுத்துகிறது, கால் வரவில்லை.

"சரியாயிடுமா?" என்று வசந்தா கேட்டாள்.

"பெரும்பாலும் ஆகும். மெதுவா. ஆனா ஏறிக்கிட்டே போய் மூச்சுவிடற தசையையும் பிடிச்சுதுன்னா மெஷின் வைக்கணும்."

நாலாம் நாள் அதையும் பிடித்தது. வாயில் குழாய் விட்டு வென்டிலேட்டர் வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும் எடுக்க முடியாததால் தொண்டையில் துளை போட்டு அதன் வழியாகக் குழாய் வைத்தார்கள். அந்தத் துளை இருக்கும்வரை குரல் கிடையாது. காற்று குரல்வளைக்குப் போகாமல் கீழேயே திரும்பிவிடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோயில் புத்தி மங்குவதில்லை. காது கேட்கும். கொசு கடித்தால் தெரியும். படுக்கையை மாற்றுகிறவர்கள் வீட்டு விஷயம் பேசினால் முழுக்கப் புரியும். கண்ணை மூடித் திறக்க மட்டும்தான் முடியும், அதுவும் பாதி. உயிரோடு ஒரு பெட்டிக்குள் வைத்த மாதிரி. மேலே மின்விசிறியின் மூன்று இறக்கையையும் எத்தனை நாள் எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. "முருகா, எடுத்துக்கோ" என்று வேண்டிய நாட்கள் உண்டு. எடுத்துக்கொள்ளவில்லை.

வசந்தா கடைக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கும் ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் புடவையைப் போட்டுக்கொண்டு தைத்தாளாம். பெயரைக் கூப்பிட்டால் ஊசியைச் சட்டென்று ஜாக்கெட்டில் குத்திக்கொண்டு ஓடி வருவாள். உள்ளே பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷமும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் ஜாக்கெட்டில் அந்த ஊசி மினுங்குகிறதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது சேகருக்கும் வசந்தாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கேட்டால் இருவரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

அங்கே ஆயா வேலை பார்த்த மேரி என்ற அம்மாளையும் சொல்ல வேண்டும். நொச்சிக்குப்பத்துக்காரி. துடைக்க, திருப்ப வரும்போது என்னோடு பேசிக்கொண்டே செய்வாள்.

"இன்னா லிப்ட்டு, எந்த ஃப்ளோருல கீறே? இறங்கி வா கீழ. ஒரு தபா கண்ண மூடுனா ஆமா, ரெண்டு தபா மூடுனா இல்ல. முதுகு எரியுதா?"

ஒரு தடவை மூடுவேன்.

"அது கேட்டா தானே தெரியும்" என்று திருப்பிப் போடுவாள். "பெசன்ட் நகர்ல மாதாகிட்ட உனக்கு ஒரு மெழுவத்தி ஏத்திட்டேன். உங்க முருகன்கிட்ட சொல்லிடு, கோச்சிக்கப் போறாரு."

ஒன்றரை மாதம் கழித்து மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே வந்தது. வென்டிலேட்டரை எடுத்துவிட்டு, தொண்டைக் குழாய் மட்டும் வைத்து, தனி அறைக்கு மாற்றினார்கள். வசந்தா பகல் முழுக்கக் கூட இருக்கலாம். வலது கை ஆள்காட்டி விரல் அரை அங்குலம் அசைந்தது. அதைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சி கொடுக்கும் டாக்டர் யாருக்கோ போன் செய்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன ஆபீஸ். பேச முடியாதவர்களுக்காகத் திரை செய்கிறார்கள். அங்கிருந்து வித்யா என்ற ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் கனமான பை. அதிலிருந்து தட்டையான திரை ஒன்றை எடுத்து, என் கைக்குக் கீழே சாய்த்து ஒரு தாங்கியில் மாட்டினார்.

"சார், இந்தத் திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. உங்களுக்குத் தகுந்த மாதிரி தானே மாறிக்கும். ரூம்ல லைட்டை அணைச்சா கண்ணைக் குத்தாம கறுப்பாயிடும். சத்தம் அதிகமா இருந்தா குரலைக் கூட்டிக்கும். உங்க விரல் எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்த்து, நீங்க அதிகமா தொடற பட்டனை விரலுக்குப் பக்கத்துல பெருசா கொண்டுவந்து வைக்கும். தொடாதது சின்னதாகி ஓரமா ஒதுங்கிக்கும். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக் கஷ்டப்பட வேண்டாம் பாருங்க, அதுக்காக."

எனக்குப் பிடித்திருந்தது. விரலைத் தேடி வரும் பட்டன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்க்காதது.

பன்னிரண்டு வார்த்தை வைக்கலாம் என்றார். சளி எடுங்க, மூச்சு முட்டுது, வலிக்குது, திருப்பி விடுங்க, குளிருது, வாய் வறளுது, பயமா இருக்கு, ஆமா, வேண்டாம், நர்ஸ். இன்னும் இரண்டு மிச்சம்.

"முருகா. அதை முதல்ல போடும்மா" என்றாள் வசந்தா. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு தடவை கண்ணை மூடினேன். மனசார மூடினேன். அதை மறைக்கக் கூடாது.

பன்னிரண்டாவது, வசந்தா.

முதலில் அதைத்தான் தொட்டேன். விரல் நடுங்கி, வழுக்கி, கடைசியில் தொட்டுவிட்டது. யாரோ ஒரு ஆம்பிளைக் குரல் "வசந்தா" என்றது. என் குரல் இல்லை. ஆனாலும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அந்தத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாற்பத்தேழு நாளாக நான் அவளைக் கூப்பிடவில்லை.

அந்த நாலைந்து நாள்தான் அங்கே நான் நன்றாக இருந்த நாட்கள். சளி எடுங்க என்றால் நர்ஸ் வருவார். தொண்டைக் குழாய் வைத்தவனுக்குச் சளிதான் எமன். இருமித் துப்ப வலு இல்லை. மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கட்டியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மூச்சுக்கு வேறு வாசல் கிடையாது.

தினமும் குளித்து, நூற்றெட்டு தடவை முருகா சொல்லி, விபூதி இட்டுக்கொண்டுதான் நான் கடைக்குப் போவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து வசந்தா பார்க்கிறாள். ஒரு நாள் காலையில் சிங்காரவேலர் சந்நிதி விபூதியை என் நெற்றியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, ஒரு நாளும் விடாத ஆளு நீங்க. நோவுல விட்டுப்போச்சே. நான் சொன்னா அது என் கணக்குலதான் சேரும். உங்க விரல் தொட்டா உங்க கணக்கு. நான் பிடிச்சுக்கறேன், நீங்க சொல்லுங்க."

என் ஆள்காட்டி விரலைத் தன் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, அந்தப் பட்டனில் வைத்தாள். "முருகா" என்றது திரை. ஒன்று. "முருகா." இரண்டு. நூற்றெட்டும் முடிந்தபோது எனக்குக் கண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அது ஆனந்தக் கண்ணீர்தான்.

மூன்றாம் நாள் காலையில் திரையைப் பார்த்தேன். முருகா பட்டன் உள்ளங்கை அளவு ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் அது திரையில் பாதி. மற்றதெல்லாம் மேல் ஓரத்தில் வரிசையாக, மாத்திரை அட்டையில் மாத்திரை மாதிரி. என் விரல் எட்டுகிற அரை அங்குலத்துக்குள் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. வசந்தா என்ற பட்டனும் மேலே போய்விட்டது.

நான் காட்டிக்கொடுக்கப் பார்த்தேன். அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே, சளி எடுங்க பக்கம் இழுத்தேன். என்னிடம் இருந்த பலம் அவ்வளவுதான்.

"ஐயோ, விரல் எங்கயோ போகுது பாருங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "அறுபத்தி மூணு. அறுபத்தி நாலு."

கண்ணை இரண்டு தடவை மூடினேன். இல்லை, இல்லை என்று. அவள் பார்க்கவில்லை. திரை வந்த பிறகு யாருமே என் கண்ணைப் பார்ப்பதில்லை. பேச்சு வந்துவிட்டதே, இனி எதற்குக் கண்ணைப் பார்ப்பது? நர்ஸும் திரையைப் பார்ப்பார், சேகரும் திரையைப் பார்ப்பான். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் தானாக வந்து சளி எடுத்துவிடுவார் என்பதால் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. வித்யா வாரம் ஒருமுறைதான் வருவார். அந்த வாரம் வேறு ஊருக்குப் போயிருந்தார்.

கிருத்திகை வந்தது. அன்று வசந்தா மூன்று தடவை நூற்றெட்டு செய்தாள். சாயங்காலம் நாலு மணிக்குச் சேகரும் அவன் மனைவியும் கோயில் பிரசாதத்தோடு வந்தார்கள். நர்ஸுகள் ஷிப்ட் மாறுகிற நேரம். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை, கை விரலில் மாட்டினால் ஜபத்துக்கு இடைஞ்சல் என்று கால் விரலில் மாட்டியிருந்தார்கள். அது அடிக்கடி நழுவும். நழுவினால் கத்தும். கத்தினால் யாரும் பதறுவதில்லை, பழகிவிட்டது.

எனக்குக் குழாய் அடைத்தது.

முதலில் ஒரு இழுப்புக்குப் பாதிதான் வந்தது. அடுத்ததற்கு அதிலும் பாதி. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பதற்றம் வரவில்லை. திரையைப் பார்த்தேன். மூச்சு முட்டுது என்பது மேலே இடது மூலையில், சின்னதாக, தெளிவாக இருந்தது. படிக்க முடிந்தது. விரலைத் தூக்கினேன். அரை அங்குலம். தூக்கினேன். அரை அங்குலம். விரல் தானாகக் கீழே விழுந்தது.

"முருகா" என்றது திரை.

"அக்கா, கேட்டியா!" என்றான் சேகர். "நீ பிடிக்கவே இல்ல. மாமா அவராவே சொல்றாரு!"

மறுபடியும் தூக்கினேன். மறுபடியும் விழுந்தது. "முருகா."

"எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணா" என்றாள் சேகர் மனைவி, அழுதுகொண்டே.

அப்புறம் பதற்றம் வந்துவிட்டது. விரல் எட்டிய ஒரே இடத்தை அடித்தேன். யாராவது என்னடா இப்படி அடிக்கிறானே என்று நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று அடித்தேன். முருகா, முருகா, முருகா. அவர்கள் அழுதுகொண்டே அரோகரா சொன்னார்கள். அறையில் சத்தம் கூடியதால் திரை தன் குரலைக் கூட்டிக்கொண்டது. இன்னும் உரக்க, முருகா. கால் கிளிப் கத்தியது. "சேகர், நீ கட்டில்ல உக்காந்து அதை நழுவ விட்டுட்டே பாரு" என்றாள் வசந்தா. அவள் கை கூப்பியிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

சாகிற நேரத்தில் இறைவன் பெயர் வர வேண்டும் என்று வேண்டாத நாள் கிடையாது எனக்கு. வந்தது. அந்த நேரத்தில் அந்தப் பெயரை நான் எப்படி வெறுத்தேன் என்று எழுத இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். என் மூச்சுக்கும் ஆட்களுக்கும் நடுவில் அது சுவர் மாதிரி நின்றது.

கதவைத் திறந்துகொண்டு மேரி வந்தாள். பக்கெட்டோடு. திரையைப் பார்க்கவில்லை அவள். அவளுக்கு அதில் அக்கறை கிடையாது.

"இன்னாம்மா இது, மூஞ்சி நீலமா கீது! சாமி கும்புடற மூஞ்சா இது? த, தள்ளு! சிஸ்டர்! ஏ சிஸ்டர்!"

பக்கெட் உருண்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

மறுபடி ஐ.சி.யு. மறுபடி வென்டிலேட்டர். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வேறு. இரண்டு வாரம். அசைந்த விரலும் அசையாமல் போனது. முதல் தடவை உள்ளே இருந்தபோது, வெளியே போவோம் என்று ஒரு எண்ணம் ஓரத்தில் இருந்தது. இரண்டாம் தடவை அது இல்லை. முன்பெல்லாம் பயம் வந்தால் முருகா என்று உள்ளுக்குள் சொல்வேன், பயம் அடங்கும். இப்போது அதைச் சொன்னால் பயம் வந்தது. ஜபம் இல்லாமல், பேச்சு இல்லாமல், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த இரண்டு வாரம் எதிரிக்கும் வரக் கூடாது.

வெளியே ஹாலில் கதை பரவிவிட்டது. மற்ற நோயாளிகளின் வீட்டார் வசந்தாவிடம் விபூதி வாங்கிப் போனார்களாம். மாடவீதி வரைக்கும் தெரிந்துவிட்டது. அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தனி அறைக்குத் திரும்பி விரல் மறுபடி அசைந்ததும் வித்யா வந்தார். வசந்தா கேன்டீனுக்குப் போயிருந்த நேரம். திரைக்குள் எந்தப் பட்டன் எத்தனை தடவை என்று ஒரு பட்டியல் இருக்கும் போல. அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"முருகா ஆயிரத்துக்கு மேல இருக்கு சார். சளி எடுங்க நாலே நாலு. இது எல்லாம் நீங்க தொட்டதா?"

கண்ணை இரண்டு தடவை மூடினேன்.

"அம்மா உங்க விரலைப் பிடிச்சு?"

ஒரு தடவை.

"அன்னைக்கு நாலு மணிக்கு... நீங்க சொல்ல வந்தது அது இல்ல."

ஒரு தடவை மூடினேன். திறக்கவில்லை.

"விரல் உங்களுது. அழுத்தினது அவங்க. இந்தத் திரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார். தெரியற மாதிரி நாங்க செய்யலை. அதிகமா தொட்டதுதான் அதிகமா வேணும்னு நெனைச்சோம். எப்பவோ ஒரு தடவை வேணுங்கறதுதான் உயிர் போற விஷயம்னு யோசிக்கலை." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு நாள் இந்த ரூம்ல உக்காந்து பார்த்திருந்தா போதும். பார்க்கலை."

அவரிடம் நான் ஒன்று சொல்ல விரும்பினேன். எங்கள் லிப்டில் எல்லோரும் மூன்றாவது மாடிக்குத்தான் போகிறார்கள். அதற்காக ஐந்தாவது மாடி பட்டன் சின்னதாவதில்லை. ஐந்துக்குப் போகிறவன் ஒருத்தன் வருவான், அழுதுகொண்டு வருவான். இதைச் சொல்லப் பன்னிரண்டு பட்டன் போதாது.

அவர் மாற்றிக் கொடுத்தார். மூச்சு முட்டுது, சளி எடுங்க, நர்ஸ், இந்த மூன்றும் இனி விரலுக்குக் கீழேயே, எது எத்தனை தடவை தொட்டாலும் நகராது. கூட இருக்கிறவர்கள் தொடும்போது கணக்கில் எடுக்காதபடி தனியாக ஒரு வழியும் வைத்தார். பிறகு கேட்டார்.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா சார்?"

திரை புதிதாக, எல்லாப் பட்டனும் பளிச்சென்று இருந்தது. வேண்டாம் என்பதைத் தொட்டேன். யாரோ ஒரு ஆம்பிளை "வேண்டாம்" என்றான்.

மறுநாள் காலை வசந்தா என் விரலைப் பிடித்தாள். நூற்றெட்டு. அதற்கடுத்த நாளும். வீட்டுக்கு வரும்வரை தினமும். பட்டன் வளரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவளுக்கு அது பக்தியாகத் தெரிந்தது.

இப்போது தொண்டைத் துளை மூடிவிட்டது. குரல் கரகரவென்று வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறேன். லிப்ட் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். திரையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அது இல்லாவிட்டாலும் காலையில் விளக்கேற்றியதும் வசந்தா என் பக்கத்தில் வந்து உட்காருவாள். என் ஆள்காட்டி விரலை எடுத்து, அதன் கணுக்களைத் தொட்டு நூற்றெட்டு எண்ணப் பார்ப்பாள். நான் விரலை இழுத்துக்கொள்வேன்.

"வலிக்குதாங்க?" என்பாள்.

"ஆமா" என்பேன்.

நரம்பு வளரும்போது வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நம்பிவிடுகிறாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தன் விரலிலேயே எண்ணுவாள். நடுவில் ஒருமுறை என்னைப் பார்ப்பாள். எண்ணெய் காய்ச்சித் தடவட்டுமா என்று கேட்பாள். குரல் வந்த பிறகு நான் அவளிடம் தினமும் சொல்லும் முதல் வார்த்தை அந்தப் பொய்.

வாயால் சொல்ல எத்தனையோ தடவை பார்த்தேன். ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பிப்பேன். அவள் நிமிர்ந்து, ஊசியை ஜாக்கெட்டில் குத்திக்கொண்டு, என்னங்க என்பாள். அந்த ஊசியைப் பார்த்ததும் நின்றுவிடும். சொன்னால் அவள் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒன்றே ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால், அவள் தொட வரும்போதெல்லாம் நான் சுவர்ப்பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பேன். இரண்டுக்கும் நடுவில் எங்கே இறங்குவது என்று தெரியவில்லை. முருகனிடம் கேட்க முடியவில்லை. அந்தப் பேச்சு இன்னும் திரும்பி வரவில்லை.

முதலில் சொன்ன இன்னொரு காரணம் இதுதான். இந்த நோட்டை இன்றைக்கு அவள் தையல் மெஷின் மேல் வைக்கப் போகிறேன். அவள் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பாள். இந்த இடத்துக்கு வரச் சாயங்காலம் ஆகும். நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

உன் மேல் தப்பு இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் அதை எழுதவில்லை. நாளைக் காலையில் விரலைத் தொடுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் கேள்.

விரல் வலிக்கவில்லை, வசந்தா.